எதிர்பார்க்கும் சம்பளம்

வெள்ளிக்கிழமை காலை. ஏற்கெனவே இஸ்திரி போட்டு முடித்த நீலச் சட்டையை யோகலட்சுமி மறுபடியும் மேசையில் விரித்தாள்.

"அம்மா, போதும்மா. கருகிடப் போகுது."

"காலர் மடங்கியிருக்கு."

காலர் நேராகத்தான் இருந்தது. யோகலட்சுமிக்குத்தான் கை சும்மா இருக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் அருணன் ஒரு செய்தியோடு வந்திருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் அவன் இன்ஜினியராக இருக்கும் மின்னணுத் தொழிற்சாலையில், ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்குத் தலைமை ஆள் தேடுகிறார்கள். நிரந்தர வேலை. "உனக்குன்னே வந்திருக்குக்கா" என்றான். தர்ஷிகா இரண்டு நாள் மறுத்தாள். பிறகு, "சரி, போய்த்தான் பார்ப்போமே" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து, தீவுப் பக்கம் ஜெலுத்தோங்கில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

தர்ஷிகாவுக்கு முப்பத்தாறு வயது. வெல்ட் கீயில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கிளார்க். பதினைந்து வருடமாக அதே நாற்காலி, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அவளே தன் பக்கத்தில் உட்கார வைத்து வேலை சொல்லிக்கொடுத்த சாஹித் இப்போது அவளுக்கு மேலதிகாரி. அவன் கெட்டவன் இல்லை. பதவி உயர்வு கேட்டான், கொடுத்தார்கள். தர்ஷிகா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வேலை இருக்கிறதே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

பதினெட்டு வயதில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் முதல் மாணவியான தர்ஷிகா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழவில்லை. பின்னறையில் மின்விசிறி சுற்ற, சன்னல் சாத்தியிருக்க, கிட்டத்தட்ட மூன்று வருடம் அப்படியே போனது. பரீட்சை போனது. பல்கலைக்கழகம் போனது. சொந்தக்காரர்களுக்கு யோகலட்சுமி ஒரே பதில் வைத்திருந்தாள்: "சிரம்பான்ல சித்தி வீட்டுல தங்கிப் படிக்கிறா."

சட்டையை மகளிடம் நீட்டியபடி இப்போது அவள் கேட்டாள்.

"அதைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

"எதைப் பத்தி?"

"அதான். அந்த மூணு வருஷம்."

"உடம்பு சரியில்லன்னு சொல்லுவேன்."

"என்ன உடம்புன்னு கேட்பாங்க. நீ ஒண்ணும் வாயத் திறக்காத. எல்லாம் அருணன் பார்த்துக்குவான்."

"அவன் என்ன பார்த்துக்குவான்?"

யோகலட்சுமி சமையலறைக்குப் போனாள். "பசியாறிட்டுப் போ. வெறும் வயித்தோட போகாத" என்று குரல் மட்டும் வந்தது.

தர்ஷிகாவுக்கு இட்டிலி இறங்கவில்லை. மைலோவில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தாள். கீழே அருணனின் காடி ஹார்ன் அடித்தது.

*

கடலோர நெடுஞ்சாலையில் காடி தெற்கே பறந்தது. இடப்பக்கம் கடல் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அருணன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். அக்காவைவிட அவனுக்குத்தான் அதிகப் பதற்றம் போலிருந்தது.

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறன்னு கேட்பாங்க. நாலாயிரம்னு சொல்லு."

"நாலாயிரமா! இப்ப ரெண்டாயிரத்தி ஐநூறு வெள்ளிதானே வாங்குறேன்."

"அதனால என்ன? அவங்க மனசுல ஐயாயிரம் வச்சிருக்காங்க. நாலுன்னா சந்தோஷமா குடுப்பாங்க."

"மூவாயிரம்னு சொல்லட்டா? அதிகம்னு வேணாம்னுட்டா?"

அருணன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "நீ எப்பவும் இப்படித்தான்க்கா. கடைக்காரன் சொல்றதுக்கு முன்னாடியே நீயே விலையைக் குறைச்சுக்குவ. அதுவும் உன் விலையை."

அவன் சம்பளம் அவளுடையதைப் போல மூன்று மடங்கு. ஐந்து வயது இளையவன். ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே டியூஷன் மாஸ்டர். சொல்லப்போனால் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

பத்து மாவுங் தாண்டி இரண்டாவது பாலத்தில் ஏறியதும் அருணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னொரு விஷயம். ரோஹானாகிட்ட நான் ஏற்கெனவே பேசிட்டேன். எச்.ஆர். மேனேஜர்."

"என்ன பேசின?"

"எஸ்.டி.பி.எம். பரீட்சை ஏன் எழுதல, அதுக்கப்புறம் ஏன் வேலைக்கும் போகலன்னு கேட்டாங்க. உன் விவரத்தைப் பார்த்தா அந்த ஓட்டை பெருசா தெரியுதுலா. அதனால..." அவன் சாலையையே பார்த்தான். "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, நீ படிப்ப விட்டுட்டு வீட்டுல இருந்து பார்த்துக்கிட்டன்னு சொல்லிட்டேன்."

தர்ஷிகா அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்கா?"

"அப்பா இப்ப இல்லக்கா. அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

"அப்பா ஒரு நாள்கூட லீவு போட்டது கிடையாதுடா."

"தெரியும்."

"காடிய நிறுத்து."

"பாலத்துல எப்படி நிறுத்துறது?"

இரண்டு பக்கமும் தண்ணீர். எதிரே நீண்டுகொண்டே போகும் சாலை. தர்ஷிகா கதவுப் பிடியைப் பற்றியிருந்த கையை எடுத்தாள்.

"ஒரே ஒரு தலையாட்டல்க்கா" என்று அருணன் கெஞ்சினான். "அவங்க கேட்டா ஆமான்னு சொல்லு. அவ்வளவுதான். அம்மாவும் சரின்னுட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அருணன் கொஞ்சம் தயங்கினான்.

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

*

நேர்முகத் தேர்வு அறை குளிர்ந்து கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். ரோஹானா, வெளிர் ஊதா முக்காடு, கனிவான முகம். பக்கத்தில் தளவாடப் பிரிவின் தலைவர் ஃபிக்ரி. மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கும் மனிதர். பேச்சு பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாகப் போனது.

வேலையைப் பற்றிய கேள்விகள் முதலில் வந்தன. சுங்கத் துறையில் சரக்கு நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? கப்பல் தாமதமானால் யாரிடம் முதலில் பேசுவீர்கள்? தர்ஷிகாவின் குரல் நடுங்கவில்லை. ஒரு தடவை ஃபிக்ரி சிரிக்கக்கூடச் செய்தார். கணினி மூடியைச் சாத்திவிட்டு நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுமே பயமாகவும் இருந்தது. எதையாவது வேண்டும் என்று நினைத்துப் பல வருடமாகிவிட்டது.

அப்போதுதான் ரோஹானா முன்னால் சாய்ந்தார்.

"உங்கள் தம்பி எல்லாவற்றையும் சொன்னார். என் அம்மாவும் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்தான், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். அந்த வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள எல்லோராலும் முடியாது."

தர்ஷிகா மேசையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் விழுந்தது?" என்று ஃபிக்ரி அக்கறையாகவே கேட்டார். "என் மாமாவுக்கு வலப்பக்கம். கடைசிவரை கை வரவில்லை."

இடப்பக்கம், வலப்பக்கம். ஒரு சொல் போதும். வாயைத் திறந்தாள்.

அப்பா ஐயாத்துரை நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். அந்த மூன்று வருடமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். எழுந்திரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளைகளைத் தட்டில் வைப்பார். அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகி யார் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று கதை சொல்வார். சில நாள் அவள் இரண்டு சுளை சாப்பிடுவாள். சில நாள் தட்டு அப்படியே திரும்பிப் போகும். மறுநாள் மறுபடி ஆரஞ்சு. அவள் கால் நகங்கள் வளர்ந்துவிட்டதைக் கவனித்து, தரையில் உட்கார்ந்து வெட்டிவிட்டவரும் அவர்தான்.

அந்த மனிதரை இப்போது கட்டிலில் படுக்க வைத்து, வாயை ஒரு பக்கமாகக் கோணலாக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று இவள்தான் சொல்ல வேண்டும்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வரவில்லை" என்றாள் தர்ஷிகா.

இருவரும் புரியாமல் பார்த்தார்கள்.

"படுத்துக் கிடந்தது நான். பார்த்துக்கொண்டது அப்பா."

ரோஹானா பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு மனச்சோர்வு நோய். பதினெட்டு வயதில் வந்தது. மூன்று வருடம் இருந்தது."

மலாயில் அந்தச் சொல் சட்டென்று வந்துவிட்டது. தமிழில் என்றால் வந்திருக்குமா, தெரியாது. வீட்டில் அதற்கு யாரும் பெயரே வைத்ததில்லை. 'அது' என்பார்கள், 'அந்தச் சமயம்' என்பார்கள்.

"இப்போது?" என்று கேட்டார் ஃபிக்ரி. குரலில் பழைய இலகு இல்லை.

"நன்றாக இருக்கிறேன். இருபத்தொன்பது வயதில் ஒரு தடவை திரும்பி வந்தது. நானே டாக்டரிடம் போனேன். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்."

"மறுபடியும் வந்தால்?"

"வரலாம். வராமலும் போகலாம். வந்தால் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் தெரியாது."

ரோஹானா தன் தாளைப் புரட்டி, அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்பார்க்கும் சம்பளம்?"

மூவாயிரம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் அருணன் சொல்லிக்கொடுத்த நாலாயிரமும் நின்றது. எல்லாம் போய்விட்டது, இனிக் குறைத்துக் கேட்டு எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஐயாயிரம்" என்றாள்.

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். ஃபிக்ரி புருவத்தை உயர்த்தினார்.

எழுந்து கதவுவரை வந்தபோது ரோஹானாவும் கூட வந்தார். தணிந்த குரலில், "அருணன் என்னிடம் சொன்னது..." என்று நிறுத்தினார்.

"எனக்காகச் சொன்னது."

"இருக்கலாம். ஆனால் இங்கே பொறுப்பில் இருப்பவர் சொன்னது. நான் அதைக் கேட்காமல் விட முடியாது."

*

வாகன நிறுத்தத்தில் அருணன் கழுத்தில் அட்டையோடு ஓடி வந்தான்.

"எப்படிக்கா? நல்லா போச்சா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது.

"ஆமான்னு ஒரு வார்த்தைக்கா! ஒரே ஒரு வார்த்தை!"

"அப்பாவைப் படுக்க வைக்க முடியலடா."

"அப்பா செத்து ஆறு வருஷமாச்சு! உயிரோட இருக்குறது நான். இந்தக் கம்பெனியில நான் இருக்கேன். இனிமே நான் என்ன சொன்னாலும் இவங்க நம்புவாங்களா? அடுத்த மாசம் எனக்கு ப்ரொமோஷன் பேசுறாங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீ சொல்லல."

"சொல்ல மாட்டேன். உன்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன். நீ வருத்தப்படுவன்னு நல்லதைக்கூடச் சொல்றதில்ல. வீட்டுல அதுதான் சட்டம்."

ஒரு லாரி பின்பக்கமாக வந்து பீப் பீப் என்று கத்தியது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அது போனபிறகும் அருணன் நிற்கவில்லை. இரண்டு காடிகளுக்கு நடுவில் முன்னும் பின்னும் நடந்தான்.

"அந்த மூணு வருஷம் நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா? ஃப்ரெண்டு ஒருத்தன நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. அக்கா எங்கடான்னு கேட்டா சிரம்பான். டீச்சர் கேட்டா சிரம்பான். பதிமூணு வயசுலேர்ந்து உனக்காகப் பொய் சொல்றேன்க்கா. ஒரு தடவைகூட மாட்டல. இன்னைக்கு நீயே மாட்டி விட்டுட்ட."

இது அவளுக்குப் புதிது. தான் கிடந்த அறைக்கு வெளியே ஒரு சின்னப் பையன் வளர்ந்துகொண்டிருந்தான் என்பதை அவள் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

"இனிமே சொல்லாதடா" என்றாள்.

அருணனின் கைப்பேசி அடித்தது. திரையில் ரோஹானாவின் பெயர். அவன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே கட்டடத்துக்குள் போய்விட்டான். மத்தியானம் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தவன், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவளும் காத்திருக்கவில்லை. கிராப் டாக்சி பிடித்து, தீவுக்குப் படகு ஏற பட்டர்வொர்த் போனாள். பாகான் டாலாம் பக்கம் வாகன நெரிசலில் மாட்டி, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது.

படகில் உட்கார இடம் இருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. முன்பக்கம் போய் நின்றாள், பின்பக்கம் வந்து நின்றாள். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். தர்ஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வருடம் போச்சு என்றுதான் அம்மா எப்போதும் பெருமூச்சு விடுவாள். மூன்று வருடமா போனது? அதற்குப் பிறகு முதலில் கிடைத்த வேலையை வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் பழசைக் கிளறிவிடுவார்களோ என்று பயந்து, ஒவ்வொரு ஜனவரியிலும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாளே, அதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? நோய் விட்டுப் போய்விட்டது. அது கற்றுக்கொடுத்த பணிவு மட்டும் சம்பள நாள்தோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

எதிரே வெல்ட் கீ படகுத்துறை வந்துகொண்டிருந்தது. அலுவலகத்து ஆள் யாராவது பார்த்துவிட்டால்? பார்க்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, இறங்கியதும் வேகவேகமாகத்தான் நடந்தாள்.

*

வீட்டில் யோகலட்சுமி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி ஓடவில்லை. அருணன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சொல்லிட்டியாமே."

"சொல்லிட்டேன்."

"எந்த பாஷையில?"

இப்படி ஒரு கேள்வியை தர்ஷிகா எதிர்பார்க்கவில்லை. "மலாய்ல."

"தமிழாளுங்க யாராச்சும் இருந்தாங்களா அங்க?"

"இல்லம்மா."

யோகலட்சுமி நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டதும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது தர்ஷிகாவுக்குள் பொங்கியது.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக்னு சொல்லச் சொன்னது நீங்களா?"

"ஆமா, நான்தான். அவர் இருந்திருந்தா அவரே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார். உனக்காக எந்தப் பேரையும் சுமந்திருப்பார் அந்த மனுஷன்."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பார். அதனால்தான் தர்ஷிகாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போனோம். நாலாவது தடவை ஏம்மா போகல?"

"இப்ப எதுக்கு அது?"

"இப்பதாம்மா கேட்கிறேன். டாக்டர் ஒரு வருஷம் விடாம வரச் சொன்னாங்க. நான் சட்டை மாத்திக்கிட்டு நின்னேன். எழுந்து நிக்கவே முடியாதவ, அன்னைக்கு நின்னேன். கீழ அப்பா ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தார். நீங்க கதவப் பூட்டிட்டு சாவியை எடுத்துக்கிட்டுப் போய் உட்கார்ந்துட்டீங்க."

யோகலட்சுமி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"ருக்குமணி பார்த்துட்டா."

"எந்த ருக்குமணி?"

"கோயில் கமிட்டி ருக்குமணி. மூணாவது தடவை போனப்ப அந்த வார்டுக்கு வெளிய உட்கார்ந்திருந்தா. உன்னையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. அவ வாயில விழுந்தா ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்னு பயந்தேன். உனக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கே, தம்பி இருக்கானேன்னு... நான் மறைச்சேன்னு நினைக்கிறியா? காப்பாத்தினேன்டி."

"அவங்க யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"இல்ல. இதுவரைக்கும் இல்ல. நானும் அவகூட முகம் குடுத்துப் பேசுறதில்ல."

தர்ஷிகா அம்மாவையே பார்த்தாள்.

"அவங்க எதுக்கும்மா அங்க உட்கார்ந்திருந்தாங்க?"

"என்ன?"

"அந்த வார்டுக்கு வெளிய. நம்மளப் போலத்தானே நம்பர் எடுத்துட்டு உட்கார்ந்திருந்தாங்க? யாருக்காக வந்தாங்க?"

பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இந்தக் கேள்வி யோகலட்சுமிக்கு வந்ததில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அப்போது தர்ஷிகாவின் கைப்பேசி அடித்தது.

ரோஹானா.

"ஃபிக்ரிக்கு உங்களைப் பிடித்திருக்கிறது" என்று ஆரம்பித்தார். "வேலை உங்களுக்குத்தான். ஆனால் முதல் வருடம் ஒப்பந்தம். சம்பளம் மூவாயிரத்து இருநூறு. ஒரு வருடம் போகட்டும், பிறகு நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்."

மூவாயிரத்து இருநூறு. இப்போது வாங்குவதைவிட எழுநூறு வெள்ளி அதிகம். காலையில் இதே தொகை கிடைத்திருந்தால் கண் கலங்கி நன்றி சொல்லியிருப்பாள். பக்கத்தில் யோகலட்சுமி, ஒன்றிரண்டு சொல் காதில் விழுந்ததிலேயே புரிந்துகொண்டு, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று கையை ஆட்டினாள்.

"ஒன்று கேட்கலாமா?" என்றாள் தர்ஷிகா. "அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டபோது நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால்?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு ரோஹானா தணிந்த குரலில் பேசினார்.

"இதை நான் சொல்லக் கூடாது. ஐயாயிரம். நிரந்தரம்."

"என் தம்பி?"

"அதை உங்களிடம் பேச முடியாது. திங்கட்கிழமை அவரை மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நான் பதில் தர வேண்டும்."

தர்ஷிகா கூடத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடந்தாள். கால் நிற்கவில்லை. குரல் மட்டும் உறுதியாக நின்றது.

"எனக்கு இந்த வேலை வேண்டும். ஆனால் இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டேன். பதினெட்டு வயதில் வந்த நோய்க்கு முப்பத்தாறு வயதில் எதற்காகக் குறைக்கிறார்கள் என்று ஃபிக்ரியிடம் நான் நேரில் கேட்க வேண்டும்."

"அப்படிக் கேட்டால் இதுவும் போய்விடலாம், தர்ஷிகா."

"தெரியும்."

"திங்கட்கிழமை காலை வாருங்கள்" என்றார் ரோஹானா. "நான் அவரிடம் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் எதுவும் உறுதி தர முடியாது."

தர்ஷிகா கைப்பேசியை வைத்தாள். யோகலட்சுமி எழுந்து நின்றிருந்தாள்.

"குடுத்த வேலைய வேணாம்னுட்டியா?"

"வேணாம்னு சொல்லலம்மா. பத்தாதுன்னு சொன்னேன்."

"திங்கக்கிழமை நீ அங்க போய்ச் சண்டை போட்டா, அதே நாள் தம்பியையும் கூப்பிட்டு வச்சுக் கேட்பாங்க. அவன் பொழப்பு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

யோசிக்காமல் இல்லை. வாகன நிறுத்தத்தில் அவன் பார்த்த பார்வை கண்ணுக்குள்ளேயே நின்றது. அருணனுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை அவன் துண்டித்துவிட்டான்.

'நானும் திங்கள் வரேன். ஒண்ணாவே போவோம். பொய் யாருக்காகச் சொன்னன்னு நானே அவங்ககிட்ட சொல்றேன்' என்று எழுதி அனுப்பினாள். அவன் படித்துவிட்டான் என்று திரை காட்டியது. பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் அம்மா இல்லை.

யோகலட்சுமி பால்கனியில், துணிக் கொடியைப் பிடித்தபடி, தன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அருணனிடம்தான் பேசப் போகிறாள் என்று நினைத்து தர்ஷிகா அருகில் போனாள்.

"ருக்குமணியா?" என்றாள் யோகலட்சுமி. குரல் அவளுடையது போலவே இல்லை. "நான் யோகம் பேசுறேன். ஆமா... நானேதான். ரொம்ப வருஷமாச்சு. வேற ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில..."

அவள் முடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ருக்குமணி பேச ஆரம்பித்துவிட்டாள். யோகலட்சுமி கேட்டுக்கொண்டே நின்றாள். கொடியைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கி, பக்கத்தில் நின்ற மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.